தரையை அடித்தவர்

பந்தாட்டத்தில் எனக்குப் பிரியமானவன் கோல் போடுகிறவன் அல்ல. கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவன். இதைச் சொன்னால் என் மருமான் சிரிக்கிறான். கல்யாண வீட்டில் சமையலை விட்டுவிட்டு உக்கிராணத்துக்குக் காவல் இருந்தவரைப் புகழ்கிற மாதிரி இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். உக்கிராணத்தில் ஒரு சாமான் குறைந்தால்தானே, அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதே ஊருக்கு ஞாபகம் வருகிறது!

சாமுவேல் குஃபோர் அப்படிப்பட்ட காவற்காரர். கானா தேசத்தில் குமாசி நகரத்துப் பிள்ளை. 1992 பார்ஸிலோனா ஒலிம்பிக்கில் கானா வெண்கலப் பதக்கம் வாங்கியது. பந்தாட்டத்தில் ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த அணியில் பதினைந்து வயதுப் பையனாக இவரும் இருந்தார். இத்தாலி வழியாக 1993இல் ஜெர்மனிக்குப் போய், பேயர்ன் மியூனிக் சங்கத்தில் சேர்ந்தார். மீசை அரும்புகிற வயதில் அந்தக் குளிரும் அந்தப் பாஷையும்! நானாக இருந்தால் அடுத்த கப்பலைத் தேடியிருப்பேன். அவர் 2005 வரை அந்தச் சங்கத்துக்காக ஆடினார். ஆறு தடவை ஜெர்மன் சாம்பியன் பட்டம் பெற்றார்.

1999 மே 26. ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். இடம், கானாவுக்கு வெண்கலம் கிடைத்த அதே பார்ஸிலோனா மைதானம். நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது. மருமானும் நானும் டெலிவிஷனுக்கு முன்னால் விழித்திருந்தோம். ஆறாவது நிமிஷத்தில் போட்ட ஒரே கோலை வைத்துக்கொண்டு மியூனிக் அணி தொண்ணூறு நிமிஷமும் தாக்குப் பிடித்தது. பிறகு, காயத்துக்காகக் கூட்டிக் கொடுத்த சொற்ப நேரத்தில், மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டுவிட்டது. குஃபோர் மண்டியிட்டு, புல்தரையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்து அழுதார். வளர்ந்த மனிதன் அப்படி அழுவதை நான் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு நிமிஷம் அவர் தடுத்த பந்துகளை யார் எண்ணினார்கள்?

இரண்டு வருஷம் கழித்து, 2001இல், அதே கோப்பையை மிலானில் பேயர்ன் வென்றது. நவம்பரில் டோக்கியோவில் தென்னமெரிக்க சாம்பியனான போகா ஜூனியர்ஸோடு மோதியபோது, கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோல் குஃபோருடையது.

2006இல் கானா முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போயிற்று. அதுவும் ஜெர்மனியில்! முதல் ஆட்டம் இத்தாலியோடு. அப்போது குஃபோருக்குச் சம்பளம் கொடுத்ததோ இத்தாலியின் ரோமா சங்கம். தம் கோல்கீப்பருக்கு அவர் தள்ளிய பந்து வேகமின்றிப் போக, எதிராளி இடையில் பறித்து இரண்டாவது கோலைப் போட்டுவிட்டான். அந்தப் போட்டியில் மேற்கொண்டு அவரை ஆட்டத்தில் இறக்கவே இல்லை.

போன வாரம் மருமானிடம் குஃபோரை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன்.

“தரையை அடிச்சு அழுதாரே, அவர்தானே மாமா?” என்றான்.

“டோக்கியோவில் கோல் போட்டாரே?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, “அவரா போட்டார்?” என்று கேட்டான்.