மூக்கு தாழ்ந்த வண்டி

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் என் வயதுக்காரர்களுக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இருக்காது. காலையில் வாக்கிங், வெள்ளிக்கிழமை கோயில், பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடுவது, அவ்வளவுதான். போன தடவை டெக்ஸாஸ் போயிருந்தபோது எனக்குக் கூடுதலாக ஒரு வேலை கிடைத்தது. 34 வருடம் பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்தவனுக்குக் கரும்பு தின்னக் கூலி வேண்டுமா?

மகனிடம் இருப்பது 2017 மாடல் செவர்லே டாஹோ. பக்கத்தில் நம்மூர் இன்னோவாவை நிறுத்தினால் அது தம்பி மாதிரி தெரியும். மகனுக்கு வண்டியில் ஒரே ஒரு குறை. முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்கிறதாம். "மாடு தண்ணி குடிக்கக் குனிஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றான். அதைச் சரிசெய்ய லெவலிங் கிட் என்று ஒரு பெட்டியையும் வரவழைத்து வைத்திருந்தான். முன்பக்கத்தை 2½ அங்குலம் தூக்கும் கிட்.

முதலில் டேப்பை எடுத்து அளந்தோம். இதைத் தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று கூடக் குறைய இருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். முன்பக்கம் 1¾ அங்குலம் தாழ்ந்திருந்தது.

அது கம்பெனிக்காரன் தெரிந்தே வைத்தது. நாமக்கல் பக்கம் காலி லாரிகளைப் பார்த்திருப்பீர்கள், பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். லோடு ஏறினால் நேராகிவிடும். டாஹோவும் அப்படித்தான். எட்டுப் பேர், மூட்டை முடிச்சு, பின்னால் ஒரு டிரெய்லர் என்று எல்லாம் சேரும்போது பின்பக்கம் இறங்க இடம் வேண்டுமே! "காலி வண்டியைப் பார்த்துக் கோணல்னு சொல்லாதடா" என்றேன்.

"வருஷத்துல ரெண்டு தடவைதான்பா ஃபுல் லோடு போறோம். மத்த நாளெல்லாம் ஆபீசுக்கும் கடைக்கும்தான்" என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது. வண்டி அவனுடையது, ஆசையும் அவனுடையது. எனக்கு உறுத்தியது அந்த 2½ மட்டும்தான். இருக்கிற சரிவே 1¾. அதற்கு மேல் தூக்கினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலும் மேல் பால் ஜாயின்ட்டும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்து சீக்கிரம் தேயும். இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். அவன் இன்டர்நெட்டில் படம் படமாகக் காட்டினான்.

தீர்த்துவைத்தது என் வீட்டம்மாதான். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்தால் தலைசுற்றும் என்பதால் எப்போதும் முன்சீட்டில்தான் ஏறுவாள். அதுவும் கைப்பிடியைப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே தம்மில். நாங்கள் அளப்பதைக் காபியோடு வந்து பார்த்தவள், "வண்டி அழகா இருந்தா சரி. நான் வீட்லயே இருந்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவனைத் தைத்திருக்க வேண்டும். அம்மாவை ஏறச் சொல்லி, படிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் வைத்துப் பார்த்தான். மறுநாளே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு 1½ அங்குலம் தூக்கும் கிட்டுக்கு ஆர்டர் போட்டான்.

சனிக்கிழமை விடியற்காலை 6 மணிக்கே ஆரம்பித்தோம். டெக்ஸாஸ் வெயிலில் பத்து மணிக்கு மேல் கராஜில் நிற்க முடியாது. கிட் என்று பெயர் பெரிது, உள்ளே இருப்பவை முக்கால் அங்குல கனத்தில் இரண்டு வில்லைகளும் சில போல்ட் நட்டுகளும்தான். முக்கால் எப்படி ஒன்றரை ஆகும் என்று பேரன் கேட்டான். ஸ்டிரட் உட்காருவது லோயர் ஆர்மின் நடுவாக்கில். நடுவில் கொஞ்சம் அசைந்தால் சக்கரம் இருக்கும் முனையில் ஏறக்குறைய இரு மடங்கு அசையும். ஏற்றம் இறைக்கும் கதைதான், ஆனால் அந்தப் பிள்ளை ஏற்றத்தை எங்கே பார்த்தது! ஸ்கேலை வைத்துக் காட்டினேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடக் கூடாது என்பது டிப்போ பாடம். சேஸிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றவிட்டேன். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் கிளிப்பை விடுவித்தோம். டை ராடு முனை வர மறுத்தது. நட்டைக் கழற்றாமல் தளர்த்தி விட்டு, அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் தானாக விடும். மகன் ரப்பர் உறை மேலேயே அடிக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். மேல் பால் ஜாயின்ட்டை விட்டதும் மொத்தக் கனமும் வெளிப்பக்கம் சாயும், ஆக்ஸில் உள்மூட்டிலிருந்து உருவிக்கொள்ளும். அதனால் முன்கூட்டியே கயிற்றால் கட்டிவிட்டோம். பிறகு மேலே மூன்று நட்டு, கீழே இரண்டு போல்ட். ஸ்டிரட் வெளியே வந்துவிட்டது. வில்லையைத் தலையில் வைத்து முடுக்கினோம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வகை கிட்டாக இருந்திருந்தால் வீட்டில் செய்ய நான் சம்மதித்திருக்க மாட்டேன். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான்.

இடது பக்கத்துக்கு மூன்று மணி நேரம். வலது பக்கம் ஒன்றரை மணியில் முடிந்தது, அதில் பாதி மகனே செய்தான். வெளியே தள்ளிப் பார்த்தோம். கால் அங்குலம்தான் முன்னால் தாழ்வு. தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனார். மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஹெட்லைட் விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூக்கு உயர்ந்தால் வெளிச்சமும் உயர்ந்து எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். வேலைக்கு முந்தைய இரவே 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பில் சுவரில் டேப் ஒட்டியிருந்தேன். வேலை முடிந்து பார்த்தால் வெளிச்சம் அந்த டேப்புக்கு மேல் ஐந்தாறு அங்குலம் போயிருந்தது. பழைய டேப்புக்கும் ஒரு விரற்கடை கீழே வைக்கச் சொன்னேன், லோடு ஏறினால் மூக்கு இன்னும் தூக்குமே. திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வழியில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தான். அதைச் செய்யாமல் ஓட்டினால் ஒரு செட் டயர் வீண்.

அடுத்த வாரம் ஏரிக்கரைக்கு முகாம் போனோம். 100 மைல் ஓடியதும் வீல் நட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். இந்த வண்டிக்கு 140 அடி-பவுண்டு. பேரன் டார்க் ரெஞ்சில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு நட்டாகப் பார்த்தான். இருபத்து நாலும் சொன்ன இடத்தில் 'டக்' என்றன. அதற்குள் என் வீட்டம்மா காபி வாங்கிக்கொண்டு வந்து, கைப்பிடியைப் பிடித்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.