உளி பிடித்த கை

வலியே இல்லாத உடம்பு வேண்டுமென்று பல்வலி வந்த இரவில் வேண்டிக்கொள்ளாதவர் யார்? ஆனால் அந்த வரம் கிடைத்தவர்களைச் செங்கல்பட்டுப் பக்கத்தில் பார்த்தவர்கள், அதை யாருக்கும் கொடுத்துவிடாதே என்றுதான் கடவுளிடம் கேட்பார்கள்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம் ஏற்பட்டது. 1955-ல் மத்திய சர்க்கார் அதை ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக்கியது. இடையில், 1947-ல், வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் அங்கே வந்தார். டாக்டர் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளைக் காட்டிக்கொண்டே போனார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கே வலித்துவிட்டது! கை செத்துப் போகவில்லை. தசையில் பலம் இருக்கிறது. இல்லாமற்போனது உணர்ச்சிதான் என்று அவருக்குப் பட்டது. விரல்களைத் தின்பது நோயல்ல. சூடும் காயமும் தெரியாமல் மனிதன் தானே அவற்றை இழக்கிறான் என்று பின்னால் அவர் நிலைநாட்டினார். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையும் அவரால் வளர்ந்தது.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில் நான் சந்தித்த பெரியவருக்கு, உளி பிடிக்கும் இடது கையில் உணர்ச்சி கிடையாது. பேரன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். பெரியவர் உடனே எடுக்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்கான்னு கண்ணாலதான் சார் பார்க்கணும். ஆவி வந்தா துண்டைச் சுத்திப் பிடிப்பேன்" என்றார்.

உளி கல்லில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைச் சத்தத்தைக் கொண்டே தெரிந்துகொள்கிறாராம். "வியாதி போய் முப்பது வருஷம் ஆச்சு. கையைத்தான் திருப்பிக் கொடுக்கலை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ கிருமியை ஒழித்துவிடுகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் போன நரம்பு போனதுதான்.

நம் நரம்பு இழைகளின் மேல், மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போல, ஓர் உறை உண்டு. அதைச் சுற்றித் தருபவை ஷ்வான் செல்கள். தொழுநோய்க் கிருமி குடியேறுவது அங்கேதான். அந்தச் செல்லின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே அனுப்பும் புரதம் ஒன்று இருக்கிறது. எர்ப்-பி-2 என்பது அதன் பெயர். வழக்கமாக நரம்பு அனுப்பும் செய்தியை எர்ப்-பி-3 என்ற தோழன் வாங்கி, இதனோடு கைகோத்த பிறகே உத்தரவு உள்ளே போகும். வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்: இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் பெயராது.

கிருமி என்ன செய்கிறது தெரியுமா? தோழனை ஒதுக்கிவிட்டு எர்ப்-பி-2-வை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைக் கையெழுத்திலேயே உத்தரவு போய்விடுகிறது, உறை சிதைகிறது. 2006-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார் இதைக் கண்டறிந்தார்கள். அந்தப் புரதத்தின் வேலையை மருந்தால் தடுத்தபோது, சோதனைக்கூட நரம்பிலும் எலியிலும் சிதைவு தடைப்பட்டது.

இதே புரதத்துக்கு ஹெர்-2 என்றும் பெயர். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை இது மிதமிஞ்சிப் பெருகுவதால் வருவது. அதை எதிர்க்கும் ஹெர்செப்டின் மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்படியானால் அந்த மருந்தைத் தொழுநோயாளிக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. இதயத் தசைக்கும் இந்தப் புரதம் வேண்டியிருக்கிறது. ஹெர்செப்டின் சிலருக்கு இதயத்தைத் தளர்த்துவதுண்டு. கையைக் காக்கப் போய் நெஞ்சைக் கெடுத்துக்கொள்ளலாமா? மேலும், நரம்பைக் கெடுப்பது இந்த ஒரு வழி மட்டுமல்ல. கிருமியை எதிர்த்து உடம்பு நடத்தும் போரிலும் நரம்பு அடிபடுகிறது. ஆகவே எலிக்குப் பலித்தது மனிதருக்குச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

வராததற்கு விஞ்ஞானம் மட்டுமே காரணமாக இருந்துவிட்டால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஏழைகள். ஒரே புரதம் இரண்டு நோய்களில் குற்றவாளியாக நிற்கும்போது, பணமுள்ள நாடுகளையும் தாக்கும் நோய்க்கு முதலில் மருந்து வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் மற்ற வழக்கு விசாரணைக்கு வராமலே கட்டி வைக்கப்பட்டுவிடக் கூடாது அல்லவா?

அதுவரை நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. உணர்ச்சியற்ற ஒரு தேமலைக் கண்டால் மறைக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுவது. நரம்பு கெடுமுன் மருந்து தொடங்கினால் கை பிழைக்கும். தேநீர் சுடுகிறது என்று முகம் சுளிக்கும் பாக்கியம் அந்தக் கைக்கு மிஞ்சும்.