ஓரங்குலச் சிப்பாய்கள்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறான் என்றால் நகைப்பீர்கள். தாராளமாக நகையுங்கள். எச். ஜி. வெல்ஸ் என்னும் பேரெழுத்தாளர் 1913 ஆம் ஆண்டிலேயே இவ்விளையாட்டுக்கென ‘லிட்டில் வார்ஸ்’ என்றொரு நூல் எழுதினார் என்பதை மட்டும் என் சாட்சியாக நிறுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

கம்பத்திலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பாதையின் உச்சியில் இருக்கிறது கம்பம்மெட்டு. சோதனைச் சாவடிக்கு இப்பால் தமிழகம், அப்பால் கேரளம். அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்பே ஜீப்புகள் முனகிக்கொண்டு ஏறும். என் அத்தை வீடும் அப்பால்தான். தாத்தாவும் அங்கேதான் இருக்கிறார். மதராஸ் ரெஜிமென்ட்டில் பதினேழு ஆண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நானும் என் மச்சானும் சிறுவராயிருந்தபோது, ரோந்து எப்படிப் போவது, பாறைக்குப் பின்னால் எப்படிப் பதுங்குவது என்றெல்லாம் தோட்டத்திலேயே நடத்திக் காட்டியவர்.

சென்ற கோடை விடுமுறையில் மச்சானும் நானும் நாலாயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டு, நெப்போலியன் காலத்துப் படைவீரர் உருவங்களை வாங்குவதென்று முடிவு செய்தோம். வாட்டர்லூவைப் போன்ற பெரும்போரை மேசைமேல் நடத்தக் குபேரனாக இருக்க வேண்டும். நாங்கள் நாடியதோ சிறு மோதல். பக்கத்துக்கு இருபது பேர். ஓர் உருவம் ஓர் ஆள். ஒரு கணவாய், ஒரு பாலம், ஒரு களஞ்சியம், அவ்வளவே. கம்பம்மெட்டில் பிறந்தவனுக்குக் கணவாயை யாரும் கற்பித்துத் தர வேண்டியதில்லை.

ஆனால் எந்த அளவு உருவம் வாங்குவது? இருபத்தெட்டு மில்லிமீட்டர், பதினைந்து, பத்து, ஆறு என்று பலவகை உண்டு. நாங்கள் இரண்டு நாள் இதையே வாதாடுவதைக் கேட்டிருந்த அத்தை, ஸ்டோரில் ஏலக்காயைச் சலித்துக்கொண்டே, “எட்டு மில்லிக்கு மேலே இருந்தாத்தான் காய்க்கு நல்ல விலை. நீங்க என்னப்பா, ஆளையே சலிச்சுப் பிரிக்கிறீங்க!” என்றார்.

கேலி இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். அக்காலத்துச் சாதாரணத் துப்பாக்கியால் நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவனைக் குறிவைத்து அடிப்பது அரிது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள உருவம் ஏறக்குறைய ஓர் அங்குல உயரம் இருக்கும். அதே விகிதத்தில் நூறு கஜம் ஐம்பது அங்குலமாகிறது. எங்கள் மேசையின் நீளமே நாற்பத்தெட்டு அங்குலம்! மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாரும் எல்லாரையும் சுடலாம் என்றால் பதுங்குவதற்கும் முன்னேறுவதற்கும் என்ன வேலை? முந்நூறில் ஒரு பங்கு உருவத்தை, அதாவது ஆறு மில்லிமீட்டர் ஆளை எடுத்தால், அந்த நூறு கஜம் பன்னிரண்டு அங்குலத்தில் அடங்கிவிடும். மலையும் மலையாக நிற்கும். விலையும் குறைவு. இதைவிட வேறென்ன வேண்டும்? ஆறு மில்லிமீட்டரே என்று நான் தீர்ப்பளித்துவிட்டேன்.

வாங்குமுன் ஒத்திகை பார்த்தோம். அட்டைத் துண்டுகளில் ஏலவிதைகளை ஒட்டி அவைதாம் வீரர்கள் என்று வைத்துக்கொண்டோம். காப்பித் தோடுதான் புதர். தாத்தாவும் ஆவலோடு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கண்புரை எடுத்த கண். வாதத்தால் மடங்கிய விரல்கள். ஒரு விதையை எடுக்க முயன்றார், அகப்படவில்லை. மறுமுறை கை நீட்டியபோது சட்டைக்கை பட்டு ஐந்தாறு வீரர்கள் தரையில் விழுந்தனர். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். நாங்களும் விளையாட்டைத் தொடரவில்லை.

அன்றிரவே தீர்ப்பை மாற்றினேன். எழுபத்திரண்டில் ஒன்று, பிளாஸ்டிக் உருவங்கள். ரஷ்யாவின் ஸ்வெஸ்தாவும் இத்தாலியின் இத்தலேரியும் பெட்டி பெட்டியாகச் செய்பவை. ஆள் பெரியவன், நிலம் சிறியது என்னும் பொய்யைப் பொறுத்துக்கொண்டு, துப்பாக்கியின் வீச்சைப் பன்னிரண்டு அங்குலமாகவே வைத்துக்கொண்டோம். கணக்குப்படி இது தவறுதான். நான் அதற்காக வருந்தவில்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்ததும், இப்பொறுக்கு வேலையில் நாங்கள் கற்றுக்குட்டிகள் என்பது விளங்கிற்று. நானும் மச்சானும் வாளை உயர்த்திய தளபதியையும் கொடி பிடித்தவனையும் முரசு அடிப்பவனையும் முதலில் அள்ளினோம். தாத்தா அவர்களை ஒவ்வொருவராக ஒதுக்கினார். மிடுக்காக அணிவகுத்து நடப்பவர்களையும் ஒதுக்கினார்.

“மருந்து அடைக்கிறவன் எங்கேப்பா?” என்றார்.

அக்காலத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் குச்சியால் இடிக்க வேண்டும். படுத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. அதனாலேயே ஆங்கிலேயரின் ரைபிள் படையினர் இருவர் இருவராக இயங்கினர்: ஒருவன் அடைக்கும்போது மற்றவன் சுடாமல் காத்திருப்பான். நான் இதைச் சொன்னதும் தாத்தாவின் முகம் மலர்ந்தது. மண்டியிட்டுக் குறிபார்ப்பவன் ஒருவன், குச்சியால் இடிப்பவன் ஒருவன் என்று சோடி சோடியாகப் பொறுக்கி வைத்தார். சிறு மோதலுக்கு ஆள் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பெட்டி அட்டையில் பளபளக்கும் வீரன் மேசையில் உதவான்.

வளைந்த துப்பாக்கிகளை வெந்நீரில் நனைத்து நிமிர்த்தினோம். சோப்பு நீரில் கழுவாமல் வண்ணம் பூசினால் உரிந்துவிடும். முதல் நாலு பேர் உரிந்த பிறகே இது தெரிந்தது. ஜீப் பட்டறையில் கிடைத்த வாஷர்களின் மேல் ஒட்டினோம். இப்போது தாத்தாவின் விரலுக்குப் பிடியும் கிடைத்தது, ஆளும் சாயவில்லை.

நீலச்சட்டைப் பிரெஞ்சுக்காரரையும் பச்சைச்சட்டை ஆங்கிலேயரையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று, “இதுல நம்ம ஆளு யாரு?” என்று கேட்டார்.

மச்சான் விழித்தான். எனக்குச் சட்டென நினைவுக்கு வந்தது மனோரா. மல்லிப்பட்டினத்துக்கு அருகே கடலோரத்தில், நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் சரபோஜி எழுப்பிய கோபுரம் அது. கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814. வாட்டர்லூவோ மறு ஆண்டுதான் நடந்தது. ஆனால் தாத்தா கேட்டது மன்னரை அல்லவே! 1810 இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மொரீசியசைக் கைப்பற்றக் கப்பலேறிய படையில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்றேன். யாருடைய சண்டைக்கு யார் போனார்கள் என்று நான் முணுமுணுத்தபோது, “சம்பளத்துக்குப் போனான். நானும் அப்படித்தானே போனேன்!” என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

எட்டு ஆங்கிலேயரை எடுத்தோம். எம்-சீலை உருட்டித் தலைப்பாகை வைத்தோம். சிவப்புச் சட்டை, முழங்காலுக்குக் கீழே பழுப்புப் பூசியதும் நீளக் காற்சட்டை அக்காலச் சிப்பாயின் வெண்ணிறக் குட்டைக் காற்சட்டை ஆகிவிட்டது. ஒருவனுக்கு மட்டும் தாத்தா மீசை வைக்கச் சொன்னார்.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று பிரெஞ்சுக்காரர் என் பக்கம். சிப்பாய்கள் தாத்தா பக்கம். கணவாயின் இடப்புறம் எனக்கு வெறிச்சோடிக் கிடந்தது. பாய்ந்தால் களஞ்சியம் என் கைக்கு வந்துவிடும். தாத்தா பாறைக்குப் பின்னால் இருந்த சோடியை நகர்த்தவே இல்லை. மச்சான் பொறுமையிழந்து, “தாத்தா, முன்னேறுங்க!” என்று கத்தினான்.

“இருப்பா,” என்றார் அவர், மீசைக்காரனின் தலைப்பாகையை விரலால் தொட்டபடி. “அவன் இன்னும் அடைச்சு முடிக்கலை.”