சுழலும் தண்டும் வேட்டி முனையும்

கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது, ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடுகிறது. கொழு, மேழி, நுகம், நுகத்தை மாட்டும் கயிறு, உழவன் கைத் தார்க்கோல் என எதையும் அது விட்டுவைக்கவில்லை. அந்நூலை வகுப்பில் அறிமுகம் செய்யும்போதெல்லாம் நாம் மாணவரிடம் ஒரு வினா எழுப்புவதுண்டு: உங்கள் தோட்டத்து டிராக்டரின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லுங்கள். கியர், கிளட்ச், ஸ்டியரிங் என்று தடையின்றிச் சொல்வார்கள். பின்புறம் வந்ததும் நின்றுவிடுவார்கள். "பின்னாடி சுத்துமே, அதுங்கய்யா" என்பார் ஒருவர். அந்த 'அது'வைப் பற்றியதே இக்கட்டுரை. இலக்கிய அன்பர்கள் பொறுத்தருள்க.

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எம் ஊரில் இன்று பெரிய டிராக்டருக்கு நிகராகச் சிறிய டிராக்டரும் ஓடுகிறது. வாழைக்கும் தென்னைக்கும் இடையே புகுந்து வர அதுவே தோதானது. நமக்கு மூத்தவர், அண்ணன், வைத்திருப்பது 24 குதிரைத்திறன். அஞ்சு கலப்பையைப் பூட்டினால் அது வெறுமனே இழுக்கும். கலப்பைக்குத் தனி இயக்கம் இல்லை. ரொட்டவேட்டரைப் பூட்டினால் கதை வேறு. எஞ்சினின் ஆற்றல் பி.டி.ஓ. என்னும் தண்டின் வழியே பின்னால் பாய்ந்து கத்திகளைச் சுழற்றுகிறது. 1918இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் விற்ற 8-16 டிராக்டரில் இவ்வசதி வந்தது. பின்னர் நிலைபெற்ற கணக்கு, நிமிடத்துக்கு 540 சுற்று.

540 என்பது தாளில் சிறிய எண். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 9 சுற்று. தண்டின் மூட்டு 10 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 31 சென்டிமீட்டர் துணியை அது சுருட்டும். நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். நம் நாலு முழ வேட்டியின் நீளம் 2 மீட்டருக்குள்தான். முனை சிக்கியது என்று மூளை உணர்ந்து, கை கிளட்சைத் தேடுவதற்குள் வேட்டி முழுவதும் உள்ளே போயிருக்கும்; வேட்டியோடு நிற்கவும் நிற்காது. மாடு அப்படியன்று. உழவன் தடுக்கி விழுந்தால் இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்க்கும்.

நம் மாணவர் ஒருவரின் தந்தைக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ரொட்டவேட்டர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, உழவின் ஆழத்தைச் சரிசெய்யத் தண்டைத் தாண்டிக் கால் வைத்தார். பிடித்தது காலை அன்று. தோளில் கிடந்த துண்டை. வலக்கை முழங்கைக்கு மேல் போயிற்று. தண்டை மூட வேண்டிய உறை அந்நேரம் மாட்டுக்கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாணவர் ஒரு பருவம் வகுப்புக்கு வரவில்லை. பட்டமளிப்பு விழாவன்று தந்தை வந்திருந்தார். நம்மை நோக்கி இடக்கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி வணங்கினார். அதற்கு எப்படிப் பதில் வணக்கம் செய்வதென்று தெரியாமல் நாம் இரு கைகளையும் கூப்பியபடி நின்றோம்.

அந்த உறை ஒன்றும் பெரிய பொருளன்று. பிளாஸ்டிக் குழாய், இரு முனையிலும் புனல் போன்ற வாய். உள்ளே தண்டு சுழல, உறை சுழலாமல் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு சிறு சங்கிலி டிராக்டரோடும் மற்றொன்று ரொட்டவேட்டரோடும் மாட்டப்பட்டிருக்கும். சங்கிலி அறுந்தால் உறையும் சேர்ந்து சுற்றத் தொடங்கும், பிறகு உடையும். உடைந்ததை யாரும் மாற்றுவதில்லை. மூட்டுக்குக் கிரீஸ் வைக்க இடையூறு என்று நல்ல நிலையில் உள்ளதையே கழற்றுவோர் இன்னும் பலர். இதைவிடக் கொடிது, மிகை சுமை வந்தால் தானே முறிய வேண்டிய போல்ட் முறிந்ததும், அதற்குப் பதிலாகக் கிடைத்த நீள போல்ட்டை மாட்டிவிடுவது. வெளியே நீண்டிருக்கும் அந்த முனைதான் துணிக்குக் கொக்கி.

அண்ணனிடம் இதைக் கேட்டோம்.

"அண்ணா, அந்த உறையை எதுக்குங்க கழட்டி வெச்சிருக்கீங்க?"

"கிரீசு அடிக்கோணுமல்லோ தம்பி. ஒவ்வொருக்காவும் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தா எப்பத்தான் ஓட்டறது?"

பாடம் நடத்துகிறவன் சொல்லை உழுகிறவர் கேட்பது எளிதன்று. 540ஐ வகுத்துக் காட்டினோம். அவர் கேட்டது கணக்கை அன்று. மாணவரின் தந்தை எந்த ஊர் என்று. சொன்னோம். சிறிது நேரம் பேசவில்லை. மறுநாள் உறை தண்டின்மேல் ஏறியிருந்தது.

ஆனால் உறை மூடுவது தண்டை மட்டுமே, கத்திகளை அன்று. எம் பகுதியில் மஞ்சள் வெட்டிய காட்டில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். ரொட்டவேட்டர் அவற்றை வாரிச் சுருட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, காலால் உதைத்துப் பார்ப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். முறை இதுதான்: பி.டி.ஓ.வை விடுவிக்க வேண்டும். கருவியைத் தரையில் இறக்க வேண்டும். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுக்க வேண்டும். சுழற்சி முற்றும் நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே இறங்க வேண்டும். கருவியைத் தூக்கிய நிலையில் வைத்துக் கீழே கை விடுவது, ஹைட்ராலிக்கை நம்பி உயிரை அடகு வைப்பது. தூக்கியபடியே ஓடவிட்டாலும் மூட்டு அதிகம் மடங்கித் தண்டு உதறும்.

மட்கார்டில் சிறுவரை ஏற்றிச் செல்வது பற்றி எழுதக் கை கூசுகிறது. எல்லா ஊரிலும் நடப்பது. ஒரு வரப்பில் சக்கரம் ஏறிக் குலுங்கினால் போதும், குழந்தை விழும் இடம் ரொட்டவேட்டருக்கு முன்னால். சிறு டிராக்டரின் சக்கர இடைவெளி குறுகலானதால் வரப்பில் சாயவும் செய்யும். சிலவற்றில் தலைக்கு மேல் இரும்புச் சட்டம் உண்டு. அது இருந்தால் இருக்கைப் பட்டையையும் கட்டியாக வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பட்டை கட்டக் கூடாது என்பதைப் பலர் அறியார்.

1983இல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்களை முன்னிட்டு வந்த சட்டம் அது. சட்டம் வயலுக்கு வந்து சாவியைத் திருப்பாது என்பது வேறு.

வேட்டியை விடச் சொன்னபோது அண்ணன் ஒப்பவில்லை. "பேண்டு போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனா ஊருல சிரிப்பாங்க." தார்ப்பாய்ச்சிக் கட்டுவதாகவும், துண்டைத் தலையில் முண்டாசாக இறுக்கிவிடுவதாகவும் உடன்பட்டார். வேட்டியில் பையில்லையே, சாவியை எங்கே வைப்பது என்றதற்கு அரைஞாண் கயிற்றைக் காட்டினார். இப்போது கீழே இறங்குமுன் சாவி அங்கே ஏறிவிடுகிறது. பன்னிரண்டு வயது மகனுக்கு வரப்பில் நிற்கும் வேலை; குழாய்த் துண்டு கண்ணில் பட்டால் கையசைக்க வேண்டும். மட்கார்டு போனதில் அவனுக்கு வருத்தம் உண்டு.

ரொட்டவேட்டர் பக்கத்துச் சங்கிலி சென்ற வாரம் அறுந்துவிட்டது. ஞாயிறன்று சத்திச் சாலைக் கடையில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.