எல்லைக்கோட்டருகே நின்ற பெரியவர்

ஆட்டம் முடிந்தபின் தீர்ப்புக் கூறுவோருக்கு உலகில் எங்கும் பஞ்சமில்லை. கிரிக்கெட்டில் எளிய பந்தொன்றைப் பிடிக்கத் தவறியவனின் பெயர் மறுநாள் காலை தேநீர்க் கடைகள்தோறும் அடிபடுகிறது. ஆனால் தம் ஊர்க் கழகத்தின் ஆட்டத்தை நேர்மையாக எடைபோடத் தெரிந்த ரசிகர் மிக அரியர். அத்தகைய ஒருவரை, அயர்லாந்து நாட்டின் லிமெரிக் நகரில் நாம் பணியாற்றிய நாட்களில் அறியும் பேறு பெற்றோம். அவர் நேசித்த ஆட்டம் ரக்பி.

நம் வாசகர் பலர் இவ்வாட்டத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவானது. தரையில் பட்டால் எப்பக்கம் துள்ளுமென்று எவராலும் சொல்ல இயலாது. அதை ஏந்திக்கொண்டு முன்னே ஓடலாம்; கையால் எறிவதாயின் பக்கவாட்டிலோ பின்புறமோதான் எறியவேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது 'டிரை'. இன்று அதற்கு 5 புள்ளிகள். கைநழுவிப் பந்து முன்னே விழுந்துவிட்டால் பெரும்பாலும் 'ஸ்கிரம்' அமையும். இரு பக்கமும் எண்மர் தோளோடு தோள் பிணைந்து, தலைதாழ்த்தி, ஒருவரையொருவர் தள்ளுவர். நடுவே இடப்படும் பந்து கால்களுக்கிடையே பின்னோக்கி வரும். அதை எடுத்து வெளியே அனுப்புபவர் 9ஆம் எண்ணை அணிந்தவர். அநேகமாக அணியிலேயே சிற்றுருவம் படைத்தவர். அந்த எண்மரையும் இந்த ஒருவரையும் வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்க.

அந்நியர் ஆட்டமென்று நாம் இதனை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இயலாது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிட்டுவரும் 'கல்கத்தா கிண்ணம்', கல்கத்தாவில் கலைக்கப்பட்ட கழகமொன்றின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்ததேயாகும்.

அயர்லாந்தின் பிற நகரங்களில் ரக்பி பெரும்பாலும் வசதி படைத்தோர் பயிலும் பள்ளிகளின் ஆட்டம். லிமெரிக் இதற்கு விலக்கு. அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் மருத்துவரும் ஒரே ஸ்கிரமில் தோள் பிணைத்தனர். கேரியோவன், ஷானன் ஆகிய கழகங்கள் 1884இலும், யங் மன்ஸ்டர் 1895இலும் தோன்றின. பந்தை வானளாவ உதைத்துவிட்டு அதன்கீழ் பாய்ந்தோடும் உத்திக்குக் கேரியோவன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பங்குகளும் கழகங்களும் அங்கு ஒன்றையொன்று ஒட்டி வளர்ந்தவை. சனிக்கிழமை ஆட்டத்தில் வெற்றி கிட்டினால், ஞாயிறு மறையுரை சற்று நீண்டாலும் எவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை!

நாம் கூறும் பெரியவர் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். முதல் பூசைக்கும் ஊர்க் கழகத்தின் ஆட்டத்துக்கும் தவறாதவர். ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை மழையில் அவரோடு நின்று நாம் கண்ட ஆட்டம் படுதோல்வியில் முடிந்தது. நம்மவர் 9, வந்தவர் 24. தோல்விக்குக் காரணம் எவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது. நம் 9ஆம் எண், பத்தொன்பது வயது இளைஞன், ஸ்கிரமிலிருந்து வந்த பந்தை இருமுறை நழுவவிட்டான். இருமுறையும் எதிரணி அதை அள்ளிக்கொண்டு ஓடி டிரை பெற்றது. திடலைச் சுற்றி நின்றோர் அவன் பெயரைக் கூறி ஏசலாயினர். அவனுடைய தாய் நமக்குப் பத்தடி தூரத்தில் குடையின்கீழ் நின்றிருந்தார்.

பெரியவர் ஏசவில்லை. "ஃபாதர், பையனின் கைகளைப் பார்க்காதீர்கள். அவனுக்கு முன்னால் இருக்கும் கால்களைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். நம் எண்மரும் ஒவ்வொரு ஸ்கிரமிலும் ஓரடி, ஈரடி என்று பின்னே தள்ளப்பட்டுக்கொண்டிருந்தனர். பந்து அவ்விளைஞனின் கைக்கு எட்டும் அதே கணத்தில் எதிரணியினர் இருவர் அவன்மேல் விழுந்தனர். எந்தக் கை அதைப் பற்றியிருக்கும்? எண்மரும் ஏன் பின்வாங்குகின்றனர் என்று வினவினோம். முன்வரிசையின் வலப்புறத்தைச் சுட்டிக் காட்டினார். அவ்விடத்துக்கு உரியவர் விலா எலும்பு முறிந்து வீட்டில் கிடக்க, அவருக்குப் பதிலாக நின்றவர் நாற்பதைக் கடந்த ஒரு கொத்தனார். ஆட்டத்தை விட்டே சில ஆண்டுகள் ஆனவர். ஆளில்லை என்று அன்று காலையில் அழைத்ததன்பேரில் காலணியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தவர். தம்மைவிடப் பதினைந்து வயது இளைய ஒருவனை எதிர்த்து, அம்மழைச் சேற்றில் ஒவ்வொரு முறையும் தள்ளுண்டு, ஒவ்வொரு முறையும் எழுந்து மீண்டும் தலைதாழ்த்தினார்.

பந்தைத் தவறவிட்ட கையிலிருந்து குற்றத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், நாம் நன்றி சொல்லவேண்டிய ஒரு மனிதரிடம் அது போய் முடிகிறது!

பெரியவர் இரக்கத்தால் கண்மூடிக்கொள்பவர் என எண்ணற்க. அணித்தலைவரை அவர் விட்டுவைக்கவில்லை. எதிர்க்காற்றில் மீண்டும் மீண்டும் உயரே உதைத்துப் பந்தை எதிரியிடமே ஒப்படைத்தது அறிவீனம் என்று கடுமையாகவே சொன்னார். அதுவும் நியாயமே. காற்று எத்திசையில் வீசுகிறதென்று அறிய எவரும் வலிமையோடிருக்க வேண்டியதில்லை.

குடும்ப வழக்குகளைக் கேட்க அமரும் மாலைகளில் அந்த 9ஆம் எண் இளைஞன் நம் கண்முன் வருவதுண்டு. தேர்வில் தவறிய மகன், கடன்பட்ட மருமகன், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன கணவன் என்று பந்து நழுவிய கை எல்லாருக்கும் தெரிகிறது. வீட்டில் எவர் எத்தனை காலமாகப் பின்னே தள்ளப்பட்டு வருகிறார் என்று கேட்டால் சற்றுநேரம் பதில் வருவதில்லை.

லிமெரிக்கில் ரக்பியைப் பற்றிப் பேசுவோர் 1978 அக்டோபர் 31ஆம் நாளுக்கு வராமல் பேச்சை முடிப்பதில்லை. அன்று தோமண்ட் பார்க் திடலில் மன்ஸ்டர் மாகாண அணி, நியூசிலாந்தின் புகழ்பெற்ற 'ஆல் பிளாக்ஸ்' அணியை 12க்கு 0 என வென்றது. அச்சுற்றுப்பயணத்தின் 18 ஆட்டங்களில் நியூசிலாந்து தோற்றது அது ஒன்றே. நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. திடலில் இருந்தோர் ஏறத்தாழ 12,000. இன்று "நானும் இருந்தேன்" என்போரைக் கூட்டினால் ஒரு இலட்சம் தேறும் என்பது அவ்வூராரின் வேடிக்கைப் பேச்சு. 12 புள்ளிகளில் எட்டினைப் பெற்றுத் தந்தவர் டோனி வார்டு. டிரை பெற்றவர் கிறிஸ்டி காண்டில்லன். ஆயினும் நம் பெரியவர் முதலில் சொல்வது இவ்விருவரையும் அன்று. தொடக்கத்திலேயே நியூசிலாந்தின் ஸ்டூ வில்சன் வேகமெடுத்துப் பாய்ந்தபோது, உருவில் சிறிய ஷேமஸ் டென்னிசன் குறுக்கே விழுந்து அவரைச் சாய்த்த காட்சியைத்தான் சொல்வார். புள்ளிக் கணக்கில் அதற்கு இடமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, அன்றைய அணித்தலைவர் டோனல் கனிஃபைப் பற்றிக் கூறுவார். அவருடைய தந்தை கார்க் நகரில் வானொலியில் அவ்வாட்டத்தின் வருணனையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். மகனுக்குச் செய்தி எட்டியது வெற்றிக்குப் பின்னரே.

அத்திடலில் மற்றொரு வழக்கமும் உண்டு. கம்பங்களுக்கிடையே பந்தை உதைக்க ஒருவர் ஆயத்தமானால், அவர் எதிரணியினரேயாயினும் சுற்றியுள்ளோர் அனைவரும் பேச்சடங்கி நிற்பர். நடுப்பூசையில் எழுந்தேற்ற வேளையின் அமைதி அது. இருமும் குழந்தையின் ஒலி திடலுக்கு அப்பால் கேட்கும்.

அவ்வூர்க் கழகங்களின் நிலை இன்று வேறு. அகில அயர்லாந்துக் கழக லீக் 1990இல் தொடங்கியபோது ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. 1993இல் யங் மன்ஸ்டர் டப்ளின் சென்று செயிண்ட் மேரிஸ் கல்லூரி அணியை 17க்கு 14 என வென்று கிண்ணத்தைக் கொணர்ந்தபோது பல்லாயிரவர் பார்த்திருந்தனர். 1995இல் ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஊதியம் பெறுவதற்கிருந்த தடை நீங்கியது. சிறந்த வீரர்கள் மாகாண அணிகளின் ஊழியராயினர். கூட்டமும் அவர்களின் பின்னே சென்றது. கழகத் திடல்களில் எஞ்சியோர் வீரர்களின் பெற்றோரும், சில சிறுவரும், நம் பெரியவரைப் போன்றோருமே.

அவர் ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் காலத்தில் நமக்கு மடல் வரைகின்றார். உடல்நலம் பற்றி ஒரு வரி. எஞ்சியதெல்லாம் கழகத்தின் ஆட்டமே. சென்ற மடலில், அந்த 9ஆம் எண் இளைஞன் இப்போது சிறுவருக்குப் பயிற்சியளிக்கிறான் என்றும், முன்வரிசைக்கு நல்ல ஆள் இன்னும் கிடைத்தபாடில்லை என்றும், கடைசி ஆட்டத்தில் இரண்டாம் பாதியின் ஸ்கிரம்களில் நம்மவர் ஒருமுறைகூடப் பின்வாங்கவில்லை என்றும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். வென்றார்களா தோற்றார்களா என்று தேடிப் பார்த்தோம். அதை எழுத மறந்திருந்தார்.