செவ்வாய்க்கிழமையும் சீசனும்

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய நாள் 2020 ஜனவரி 14. நமக்கு அது போகி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரிடம் அந்த வாரம் போய், "அண்ணாச்சி, கம்ப்யூட்டர மாத்திருவமா?" என்று கேட்டால் "தீவாளி கழியட்டும்" என்பார், அதுதான் சரியான பதிலும். நம் பண்டிகைகளைப் பார்த்து யாரும் அந்த நாள்களைக் குறிக்கவில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகும் நாள். கடைசித் திருத்தம் வரும் செவ்வாயோடு ஆதரவு முடிகிறது. செவ்வாயில் எதையும் தொடங்காத ஊர்க்காரர்கள் நாம். முடிப்பதற்கு அது தோதான கிழமைதான் போலிருக்கிறது. சின்ன நிறுவனங்களுக்குச் சர்வரும் ஓஎஸ்ஸும் மாற்றித் தரும் இந்தத் தொழிலில் எந்தப் பதிப்பைப் போடுவது என்பது அரைமணி நேரத்தில் முடிகிற பேச்சு. எந்த நாளில் போடுவது என்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

தென்காசி மாவட்டத்தில் தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. குற்றாலத்து லாட்ஜில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரிசப்ஷன் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. கார்த்திகை பிறந்ததிலிருந்து தை பிறக்கும் வரை ஐயப்ப பக்தர்கள் வருவார்கள், அப்போதும் கூடாது. நிம்மதியாகக் கிடைப்பது மாசியும் பங்குனியும். ஆனால் அதே மாசி, பங்குனியில் கணக்கு அலுவலகங்கள் ஆண்டு முடிவில் மூழ்கிக் கிடக்கும். அங்கே மற்ற மாதங்களிலும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, மாதக் கடைசியில் ஸ்டாக்கும் சம்பளமும். மிஞ்சுவது 21 முதல் 27 வரை. அந்த ஏழு நாளில் மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம் ஒருநாள் வந்துவிடலாம்; சாரல் காற்றில் கொப்பு முறிந்து கம்பியில் விழுந்தால் அதற்கு அறிவிப்பும் கிடையாது. விஜயதசமிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்க வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். இறங்கட்டும், சந்தனமும் வைக்கலாம். தீபாவளி முடியும்வரை பில் போடுவது பழையதிலேயே இருக்கட்டும். இப்படிக் கழித்துப் பார்த்தால் ஒரு கடைக்கு வருடத்தில் இரண்டு மூன்று வாய்ப்புகளுக்கு மேல் தேறாது. விண்டோஸ் 10-இன் முடிவு நாளோ, அது வெளிவந்த 2015-லேயே அறிவிக்கப்பட்டது. பத்து வருட அவகாசம் இருந்தும் கடைசி மாதத்தில் ஓடுகிறோம் என்றால், அந்தத் தேதியைக் கடைக்காரரின் நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணிக் குறித்துவைக்க வேண்டியவர்கள் குறிக்கவில்லை என்று அர்த்தம். அது எங்கள் வேலை. கடைக்காரர்மேல் பழி போட முடியாது.

நாள் குறிக்கும் முன் அந்தக் கம்ப்யூட்டரோடு என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான சின்னக் கடைகளில் சர்வர் என்று சொல்வது ஒரு சாதாரண டெஸ்க்டாப். கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா அதில் இருக்கும், மற்ற இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் அதன் ஷேர் ஃபோல்டரைத் திறந்து வேலை செய்யும். அரிசி ஆலையில் எடைமேடையின் சீரியல் கேபிள் அதில்தான் செருகியிருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங்கும் சேர்ந்தே கிழவனும் கிழவியுமாக வாழும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே இல்லை. 64-பிட்டில் அந்த 16-பிட் புரோகிராம் ஓடாது. அச்சகங்களின் கதை இன்னும் சிக்கல். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த கல்யாணப் பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றை மாற்றாதீர்கள், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வைத்திருங்கள் என்றுதான் நான் சொல்வேன். புதுப்பிப்புத் திட்டத்தில் எதைத் தொடாமல் விடுவது என்பதும் எழுதப்பட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒட்டுதல்களும் உண்டு. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத ஷேர் ஃபோல்டரை இயல்பாகத் திறக்க மறுக்கிறது. ஒரே ஒரு பில்லிங் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றிவிட்டு, காலையில் கடை திறந்ததும் டேலி கம்பெனி காணோம் என்று போன் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அவசரத்தில் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவது எளிது. எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு வழியைத் திறந்துவைப்பதும் அப்படித்தான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பாய்ந்தது அந்த வழியில்தான்.

"ஓடுறத ஏன் தொடணும்?" என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். கைவைத்துக் கெட்டுப்போன கம்ப்யூட்டர்கள் ஏராளம். ஆனால் வானாக்ரையில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாமல் விட்டிருந்தார்கள். ஆதரவு முடிந்த பிறகு போடுவதற்குத் திருத்தமே வராது. இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர் என்பார்கள். ஆடிட்டரிடம் போய்வரும் பென் டிரைவ் இன்டர்நெட்டுக்குச் சமம். எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாமே என்பது படித்த பிள்ளைகள் சொல்லும் யோசனை, பாதி சரி. ஆனால் ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் அன்று மாலை வரை பில் போட வேண்டுமே. பிரவுசர் மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும், டேலிக்கு அது நேரடியாக ஆகாது. செலவு என்ற ஆட்சேபம்தான் உண்மையிலேயே கனமானது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை இன்டெலும் கேட்கிற விண்டோஸ் 11, நல்ல நிலையில் உள்ள பல கம்ப்யூட்டர்களைக் கழித்துவிடுகிறது. குறுக்குவழியில் ஏற்றலாம், பிறகு அப்டேட் வருமென்று உத்தரவாதம் இல்லை. பணம் கட்டி நீட்டிக்கும் ஆதரவும் உண்டு, நிறுவனங்களுக்கு அதன் விலை ஆண்டுக்காண்டு இரட்டிப்பாகும். அதை ஒரு சீசனைத் தாண்டுவதற்கு மட்டும் வாங்குவது நியாயம். வருடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் அதுவும் தேவைப்படாது.

சர்வரில் பழைய டிஸ்க்கின் மேலேயே புது ஓஎஸ் ஏற்றக் கூடாது. புது எஸ்எஸ்டி போட்டு அதில் ஏற்ற வேண்டும். பழையதைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வைக்க வேண்டும். ஏதாவது பிசகினால் பத்து நிமிடத்தில் பழைய கடை திரும்பி வந்துவிடும். பேக்கப் எடுத்தாயிற்று என்ற சொல்லை நம்பக் கூடாது. வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கடைசி பில் எண்ணும் இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அது பேக்கப்.

விண்டோஸ் சர்வர் 2016 வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் 2027 ஜனவரி 12. பொங்கல் வாரம், செவ்வாய்க்கிழமை.