சொந்த ஊர் எது?

தமிழ்க் கத்தோலிக்கர் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால், பெயரைக் கேட்டு முடித்ததும் எழுகின்ற அடுத்த வினா "சொந்த ஊர் எது?" என்பதாகவே இருக்கும். அம்பத்தூரில் பிறந்து, இங்கேயே திருமுழுக்கும் புதுநன்மையும் உறுதிபூசுதலும் பெற்று, இங்கிருந்தே கல்லூரிக்குச் சென்று வரும் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு இவ்வினாவிற்கு விடையிறுப்பது எளிதன்று. "அம்பத்தூர்" என்போம். "அது சரி, சொந்த ஊர்?" என்று மீண்டும் கேட்பார்கள். பெற்றோரின் ஊரைச் சொன்னால்தான் அமைதி பெறுவார்கள். சில வேளைகளில் வினா இன்னும் ஒரு படி இறங்கி, "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று வந்து நிற்கும். அதன் உட்பொருள் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பகுதி வந்து குடியேறியவர்களால் வளர்ந்த பகுதி. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் வந்தனர். பட்டரவாக்கத்திலும் அண்ணனூரிலும் பட்டாபிராமிலும் வாடகை வீடுகளில் தங்கினர். இரவுப் பணி முடித்த களைப்போடு ஞாயிறு முதல் திருப்பலிக்கு நேராக வந்து அமர்வோரை எங்கள் ஆலயங்களில் இன்றும் காணலாம். கடற்கரை ஊர்க்காரரும் பனங்காட்டு ஊர்க்காரரும் வயல்வெளி ஊர்க்காரரும் ஒரே இருக்கையில் அமர்ந்து ஒரே செபத்தைச் சொல்கிறார்கள்.

பெற்றோரின் ஊர்களை நாங்கள் குறைவாக மதிக்கவில்லை. விடுமுறைக்குச் செல்லும்போது அங்கே நாங்கள் காணும் பக்தி ஆழமானது. விடியற்காலை மணியோசை, மாலைச் செபமாலை, திருநாள் அசனம், தேர் புறப்படும்போது கண்ணீர் மல்கக் கைகூப்பி நிற்கும் பாட்டிமார் ஆகியோர் எங்கள் விசுவாசத்தின் வேர்கள். ஆனால் அதே ஊர்களில், தேர்வடத்தை யார் பிடிப்பது, தேர் எந்தத் தெரு வரை செல்வது, இறந்தவரை எந்தக் கல்லறையில் புதைப்பது என்பனவற்றையெல்லாம் சாதி முடிவு செய்த வரலாறும் உண்டு.

வடக்கன்குளம் இதற்குத் தக்க சான்று. திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்றது அவ்வூரில்தான். உயர்வு தாழ்வு பாராமல் எல்லாரோடும் பழகிய அவர், 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்டவருக்குத் திருமுழுக்கு அளித்த ஊரின் ஆலயத்தில், பிற்காலத்தில் இறைமக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்தச் சுவர் எழுந்தது. அது 1910-இல்தான் அகற்றப்பட்டது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் விலக்கப்பட்டிருந்தது. கற்சுவர் வீழ்ந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே பெயரிலிருந்த சுவரும் வீழ்ந்தது.

எங்கள் பங்கு ஆலயங்களில் அத்தகைய சுவரைக் கட்ட ஒருவருக்கும் வாய்ப்பில்லை. இங்கே பரம்பரை மண்டகப்படி இல்லை. முதல் மரியாதை கேட்க முன்னோர் இல்லை. எல்லாரும் வந்தவர்களே. 'பங்கு' என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'பரோய்க்கியா', அயலூரில் தங்கி வாழ்வோரின் நிலையை உணர்த்துவது என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பு ஏற்பட்டது. புனித பேதுருவின் முதல் மடலும் சிதறுண்டு அயலிடங்களில் வாழ்ந்தோரை நோக்கித்தானே எழுதப்பட்டது! தமிழில் வழங்கும் சொல்லோ வேறொன்றைச் சொல்கிறது. பங்கு என்றால் பாகம். ஊரில் பங்கு கேட்பவர் முன்னோர் சொத்தில் கேட்பார். இங்கே பிரித்துக்கொள்ள அப்படி ஒரு சொத்து இல்லை. பீடத்தில் பிட்கப்படும் அப்பம் ஒன்றே எல்லாருக்கும் உரிய பங்கு. புறநகர்ப் பங்குக்கு இறைவன் அளித்துள்ள கொடை இதுவென்றே நாங்கள் நம்புகிறோம்.

ஆயினும் கட்டடத்தில் இல்லாத சுவர் வீடுகளுக்குள் இருக்கிறது. அது தெளிவாகப் புலப்படுவது திருமணப் பேச்சின்போதுதான். மணமக்களின் பெயர்களை ஆலயத்தில் ஓலை வாசித்து, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு பங்குத்தந்தை கேட்கிறார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருமணத் தடைகளை ஒவ்வொன்றாக வரையறுத்துள்ளது. இரத்த உறவு அதில் உண்டு, முந்தைய திருமணப் பிணைப்பு உண்டு, சாதி இல்லை. ஆனால் திருச்சபை அறியாத அந்தத் தடையைக் குடும்பங்கள் ஓலை வாசிக்கும் முன்பே எழுப்பிவிடுகின்றன. அன்பியக் கூட்டத்தில் அருகருகே அமர்ந்து ஒரே விவிலியத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரு குடும்பங்கள், சம்பந்தம் என்று வந்தவுடன் 'சொந்த ஊர்' நோக்கித் திரும்பிவிடுகின்றன.

1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இனத்தவர்க்குரிய உரிமையை மறுக்கிறது. அந்நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து அரசிடம் நீதி கேட்கிறோம். கேட்பது முறையே. ஆனால் இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு நிலவுவதை மறைக்காமல் ஒப்புக்கொண்டுள்ளது. அரசிடம் கேட்கும் நீதியை வீட்டு வாசலில் மறுப்போமாயின், நம் கோரிக்கைக்கு வலிமை எங்கிருந்து வரும்?

கல்லூரியில் பிற சமய நண்பர்கள் எங்களிடம் மூவொரு கடவுள் கொள்கையைப் பற்றிக் கேட்பது அரிது. "உங்களிலும் சாதி உண்டா?" என்றே கேட்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்த விடை எதுவும் அதற்கு உதவாது. கிறிஸ்துவில் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் வேற்றுமையில்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை வாழ்ந்து காட்டுவது ஒன்றே விடை.

பெரியோரை எதிர்த்துப் போராட நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்து, எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே உழைத்து, எங்களுக்கு விசுவாசத்தை ஊட்டி வளர்த்தவர்கள் அவர்களே. இங்கு வரும்போது செபமாலையைக் கொண்டுவந்தார்கள். பாதுகாவலர் படத்தைக் கொண்டுவந்தார்கள். அவற்றை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம். தெருப் பெயரை மட்டும் அங்கேயே விட்டுவிட அவர்களின் இசைவைக் கேட்கிறோம். இன்னும் சில ஆண்டுகளில் எங்கள் பெயர்களும் ஓலையில் வாசிக்கப்படும். அன்று தடை கேட்கும் குரலுக்கு ஆலயம் முழுவதும் மனமார அமைதி காக்குமானால், அம்பத்தூரே எங்கள் சொந்த ஊர் என்று தலைநிமிர்ந்து சொல்வோம்.